நடுக்கட்டைக்குப் போகாத மருந்து

ஊத்துக்கோட்டையில் நான் விற்ற சவுக்குக் கம்பங்கள் கரையான் அரித்து மண் மட்டத்தில் முறிந்துவிட்டன. மருந்தேற்றியது, பத்து வருடம் தாங்கும் என்று சொல்லி விற்றவன் நான். இரண்டு மழைக்குக்கூட நிற்கவில்லை. மாந்தோப்புக்காரர் மொத்த வேலியையும் மாற்றித் தரச் சொன்னார். தராவிட்டால் அந்தப் பக்கம் இனி ஒரு குச்சி விற்க முடியாது. கும்மிடிப்பூண்டியில் மருந்தேற்றித் தரும் பட்டறைக்காரர் பாபுவோ, கோளாறு மண்ணில்தான் என்றார். போன தை மாதம் கிளம்பியது அதற்காகத்தான்.

அதே லோடில் மிஞ்சிய ஒரு கம்பத்தின் நடுவில் ஒரு சாண் அறுத்துக்கொண்டு, மணவாள நகரிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். பெரியபாளையத்தில் பஸ் மாறி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர இரண்டரை மணி நேரம். பைபாஸிலிருந்து சிப்காட்டுக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

“இன்னா சார், கட்டைய மடில வெச்சிகினு வர்ற?” என்றார் ஆட்டோக்காரர்.

“டெஸ்ட்டுக்கு.”

“கட்டைக்கே டெஸ்ட்டா? எனுக்கே இன்னும் எடுக்கல.”

தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்குத்தான் போனேன். பாபுவையும் அங்கே வரவழைத்திருந்தேன். பிறகு பேச்சு மாறக் கூடாதே. அங்கிருந்த மேடம் கட்டையைக் காகிதம்போலச் சீவி, ஒரு திரவத்தைச் சொட்டினார். செம்பு மருந்து இருக்கும் இடம் மட்டும் நீலமாகுமாம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மரம் முழுக்கச் சல்லடை ஓட்டைகள். ஓரத்து ஓட்டைகளில் நல்ல நீலம். உள்ளே நகர்த்த நகர்த்த வெளுத்து, நகக்கண் அளவு தாண்டியதும் வெறும் மரம்.

“வைரத்துல ஏறாது மேடம்,” என்றார் பாபு.

“வைரம் இன்னும் உள்ள இருக்குங்க. இது வெளிக்கட்டை. ஈரத்தோட ஏத்திட்டீங்க. ஓட்டை பூரா தண்ணி இருந்தா மருந்து எங்க போகும்?”

வெளியே வந்ததும் பாபு என்மேல் பாய்ந்தார். “ஆறு வாரம் காய வெக்க எடம் எங்க கீது நைனா? நீதான அவசரம் அவசரம்னு போன் பண்ணிகினே இருந்த? எவன் கண்ணாடி வெச்சி பாக்கப் போறான்?”

“கரையான் பாத்துச்சே,” என்றேன்.

கம்பம் வாங்குகிறவர்கள் நுனியைச் சுரண்டி மருந்தின் பச்சை தெரிகிறதா என்று பார்த்து ஏமாறாதீர்கள். நுனி எப்போதும் நிறையக் குடிக்கும். நடுவில் அறுங்கள், உங்கள் கண்ணாலேயே பாருங்கள். சோதனைக்கு ஆயிரத்து எண்ணூறு ஆனது. மதியம் ஷிப்டு மாறும் நேரத்தில் சிப்காட் ரோட்டில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பாபுவை உதறிவிட்டு வர ஆசைதான். வேலிக்கம்ப நீளத்துக்கு மருந்தேற்ற அக்கம்பக்கத்தில் வேறு பட்டறை இல்லை; அது அவருக்கும் தெரியும். பேசி முடித்தது இதுதான்: மாந்தோப்புக்குப் புதுக்கட்டை என்னுடையது, மருந்து அவருடையது. இனி ஆறு வாரம் காய்ந்த பிறகே ஏற்றுவார். லோடுக்கு ஒரு கம்பம் அறுத்துச் சோதிக்கும் செலவு என் தலையில். கூலி, கம்பத்துக்கு இதுவரை நாற்பத்தைந்து. அதே வேலையை ஒழுங்காகச் செய்ய அறுபது.