தலை குனிந்து சொன்ன பதில்

கொரிய மொழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பதில்கள்தான். கேள்வி கேட்கத் தெரியாது. எங்கள் கம்பெனியில் அதை யாரும் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. எங்களுக்கு அது எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

ஒரகடத்தில், கார் சீட்டுக்கு அடியில் வரும் இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனி அது. நடத்துகிறவர்கள் கொரியர்கள். கான்ட்ராக்டில் சேர்ந்து வெல்டிங் லைனில் வருஷக்கணக்காக நின்று, கடைசியில் அந்த லைனுக்கு லீடர் ஆனேன். லீடர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். தொப்பியின் நிறம் மாறும், திட்டு முதலில் நமக்கு வந்து சேரும், அவ்வளவுதான். ஆனால் லீடர் ஆனவர்களைத்தான் பர்மனென்ட் செய்வார்கள். எனக்கு வேண்டியது அது.

மனைவியும் மகளும் செய்யாறு பக்கம் மாமியார் வீட்டில் இருந்தார்கள். நான் ஸ்ரீபெரும்புதூரில் நாலைந்து பேரோடு ஓர் அறையில் கிடந்தேன். "நீ பர்மனென்ட் ஆவு, அப்பறம் நான் பொட்டிய தூக்கிக்கினு வரேன்" என்று மனைவி சொல்லியிருந்தாள். அது பிடிவாதம் இல்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை வந்து குடித்தனம் வைத்தவள்தான். பால் பாக்கெட் போடுகிறவர் முகம் பழகுவதற்குள் கான்ட்ராக்டை நிறுத்திவிட்டார்கள். சட்டி பானையோடு பஸ் ஏறித் திரும்பிப் போனாள். ஊரே பார்க்க இன்னொரு முறை அப்படிப் போய் இறங்க அவளுக்குத் தெம்பு இல்லை. இதற்கிடையில் மகள் என்னை விருந்தாளியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். லீவில் போனால் "வாங்க" என்பாள். அப்பா என்று கூப்பிட வெட்கப்படுவாள்.

சனிக்கிழமைகளில் ஷிப்ட் முடிந்ததும் லீடர்களுக்கு மட்டும் கேன்டீனுக்குப் பக்கத்து அறையில் ஒரு வகுப்பு வைத்தார்கள். நடத்தியவர் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர், காஞ்சிபுரத்துப் பெண். எங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவர். அவர் எங்களை அண்ணா என்பார், நாங்கள் அவரை மேடம் என்போம்.

முதல் பாடம் வாய்க்கு இல்லை, தலைக்கு. யாராவது ஏதாவது கேட்டால் நம் தலை தானாக ஆடுமே, அந்த ஆட்டத்தை நிறுத்த வேண்டும். "அது ஆமாவா இல்லையான்னு சாருக்குப் புரியவே மாட்டேங்குதுண்ணா. நேரா நின்னு வாயால சொல்லுங்க." இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்க வைத்தார். ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் தலை ஆடாமல் 'நே' என்று சொல்ல வேண்டும். நே என்றால் ஆமாம், சரி, காதில் விழுந்தது எல்லாம்தான். என் அறையில் தங்கியிருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், அவரும் லீடர், இரண்டு கையாலும் தன் தாடையைப் பிடித்துக்கொண்டு 'நே' என்றார். அப்படியும் தலை ஆடியது. மேடமே சிரித்துவிட்டார்.

அடுத்த பாடம்தான் கஷ்டம். தப்பு நடந்து பெரியவர் வந்து கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? கால்களைச் சேர்த்து, கைகளை முன்னால் கோத்து, தலையைக் குனிந்து, மன்னிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். 'சேசொங் ஹம்னிதா.' என் பொறுப்பு, சரிசெய்துவிடுகிறேன் என்று சேர்த்துக்கொள்ளலாம். அதோடு நிறுத்திவிட வேண்டும்.

"ஏன் ஆச்சுன்னு அவர் கேட்டாலும் காரணத்த மொதல்ல சொல்லாதீங்கண்ணா. அவங்களுக்கு அது சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். மொதல்ல மன்னிப்பு. கோவம் அடங்கினதும் என்ன நடந்துச்சுன்னு அவரே மறுபடி கேப்பாரு. அப்ப நிதானமா சொல்லலாம்."

நம் ஊரில் இதற்கு நேர்மாறு. ஏன் லேட் என்று ஒருவனைக் கேட்டால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஆரம்பிப்பான். பஸ் வரும், பஞ்சர் வரும், மச்சான் வீட்டு விசேஷம் வரும். கேட்கிறவருக்கும் அது கட்டுக்கதை என்று தெரியும். ஆனாலும் இவ்வளவு தூரம் மெனக்கெட்டுச் சொல்கிறானே என்று மனசு இறங்கிவிடும். பெரியவர் கேட்கும்போது காரணம் சொல்வதுதான் இங்கே மரியாதை. வாயை மூடிக்கொண்டு நின்றால், "கேட்டுக்கினே கீறேன், கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று முதுகில் இன்னொன்று விழும். என் அப்பாவிடம் நான் வாங்கியிருக்கிறேன்.

"அப்ப செய்யாத தப்புக்கும் மன்னிப்பு கேக்கணுமா மேடம்?" என்று திருநெல்வேலிக்காரர் கேட்டார்.

"தப்பு யாருதுன்றது அப்பறம்ணா. உங்க லைன்ல இப்படி ஆயிடுச்சேன்னு வருத்தப்படறீங்க. அவ்ளோதான் அர்த்தம்."

எனக்கு அது பிடித்துப்போனது. அதில் ஒரு கௌரவம் இருப்பதாகப் பட்டது. கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து உதடு மட்டும் அசைய சொல்லிச் சொல்லிப் பழகினேன். "மாப்ள கொரியாவுக்கே வாக்கப்பட்டுப் போயிருவாரு போல" என்று அறையில் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஃபேக்டரியின் தலைவரைக் கொரியன் சார் என்றுதான் சொல்வோம். நரைத்த தலை, அதிகம் பேசமாட்டார். காலையில் லைனைச் சுற்றி வரும்போது ஒன்றிரண்டு கேட்பார். நான் பதில் சொல்லும் விதத்தைப் பார்த்து ஒருநாள் நின்றார். பிறகு தினமும் என் இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். ஒருமுறை காபி மெஷினிலிருந்து எனக்கும் ஒரு கப் எடுத்து நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பர்மனென்ட் ஆகிறவர்களில் என் பெயர் இருப்பதாகப் பேச்சு வந்தது அப்போதுதான். மனைவியிடம் சொன்னேன். அன்றிலிருந்து போனில், வாடகை வீட்டில் நல்ல தண்ணீர் வருமா, பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரத்தில் இருக்குமா என்று கேட்க ஆரம்பித்தாள். இவ்வளவு கேள்வி அவள் கேட்டு நாளாகியிருந்தது.

வெல்டிங் செய்யும்போது சட்டம் நகராமல் பிடித்துக்கொள்ள மேசையில் முளை மாதிரி ஒரு இரும்புப் பின் இருக்கும். அது தேய்ந்திருந்தது. தேய்ந்தால் சட்டம் ஒரு நூல் நகரும், ஓட்டை இடம் மாறும். மெயின்டனன்ஸ் இன்சார்ஜிடம் போய்ச் சொன்னேன். "ஸ்பேர் வரலப்பா, ஓட்டு" என்றார். மறுபடி சொன்னேன். "ஓட்டுன்னு சொன்னேன்ல?" என்றார். ஓட்டினோம். அந்தச் சட்டங்கள் கார் ஃபேக்டரிக்குப் போய், போல்ட் இறங்காமல், அவர்கள் லைனே நின்றுவிட்டது. கார் ஃபேக்டரியில் லைன் நின்றால் எங்களைப் போன்ற கம்பெனிக்கு அது எழவு விழுந்த மாதிரி.

கொரியன் சார் வந்தார். பின்னால் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ், ஹெச்ஆர் அதிகாரி, மேடம், இன்னும் ஒரு கூட்டம். "ஏன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மேடம் தமிழில் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்தது. காலைச் சேர்த்து, கையைக் கோத்து, தலை குனிந்து, படித்ததை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். மன்னிக்க வேண்டும், என் பொறுப்பு, சரிசெய்துவிடுகிறேன். இன்சார்ஜ் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். கையை நீட்டி இவரைக் கேளுங்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கொரியன் சாரின் முகம் தளர்ந்தது. என் தோளைத் தட்டினார். இனி என்ன நடந்தது என்று கேட்பார், பின்னைப் பற்றிச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவர் போன் அடித்தது. பேசிக்கொண்டே கார் ஃபேக்டரிக்குக் கிளம்பினார். அங்கிருந்து அப்படியே கொரியாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்ததும் கேட்பார் என்று நினைத்தேன்.

அதற்குள் ஹெச்ஆர் கூப்பிட்டார். யாரால் நடந்தது என்று கார் ஃபேக்டரிக்கு எழுதி அனுப்ப வேண்டுமாம். ஒரு பெயர் வேண்டும்.

"எல்லார் முன்னாடியும் நீங்களே ஒத்துக்கிட்டீங்க இல்ல?"

"ஒத்துக்கறது இல்ல சார் அது. அவங்களுக்கு அது ஒரு மரியாத…"

"மன்னிப்பு கேட்டீங்களா, இல்லையா?"

"கேட்டேன் சார்."

"தப்பு செய்யாதவன் எதுக்குய்யா மன்னிப்பு கேக்கறான்?"

பின் தேய்ந்த கதையை முதலிலிருந்து சொன்னேன். நம் ஊர் ஆள் சொல்கிற மாதிரியே நீட்டி முழக்கிச் சொன்னேன். முடியும்வரை கேட்டுவிட்டு, "இத அன்னிக்கே ஏன் சொல்லல? இப்பதான் ஜோடிச்சியா?" என்றார். நீங்கள் என்பது நீ ஆகியிருந்தது. இன்சார்ஜ் அங்கேயேதான் உட்கார்ந்து தன் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

மேடத்தைக் கூப்பிட்டார்கள். "சார், அது அவங்க ஊர் வழக்கம். நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றார். "அவர் சொன்ன வார்த்தைக்கு என்ன அர்த்தம்? அத மட்டும் சொல்லுங்க" என்றார் ஹெச்ஆர். மேடம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று ஹெச்ஆர் என்னிடம் சொன்னார். அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது வேறொரு கம்பெனியில் மறுபடியும் கான்ட்ராக்டில் இருக்கிறேன். ஆனாலும் வயிறு எரிவது நிற்கவில்லை. மொழி தெரியாத கொரியன் சாருக்கு நான் சொன்னது புரிந்தது. என் பாஷை பேசுகிற ஹெச்ஆருக்குப் புரியவில்லை என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. அவருக்கும் நன்றாகவே புரிந்தது. புரிந்ததால்தான் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வாயத் திறந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா வே" என்று, வேலை போன பிறகு நான் ஊருக்கு பஸ் ஏறும்வரை திருநெல்வேலிக்காரர் புலம்பினார். சில நாள் அறையிலேயே முடங்கிக் கிடந்துவிட்டு ஊருக்குக் கிளம்பியிருந்தேன். வாலாஜாபாத் தாண்டும்போது மேடம் போன் செய்தார். கொரியன் சார் திரும்பி வந்து என்னைத் தேடினாராம். நானாகவே வேலையை விட்டுப் போய்விட்டதாக ஹெச்ஆர் சொன்னாராம்.

"சார் ரொம்ப வருத்தப்பட்டார்ணா. இந்த ஃபேக்டரியில ஒழுங்கா பதில் சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்னு சொன்னார். நான் உண்மைய சொல்லிடட்டுமா?"

"வேணாம் மேடம். உங்க வேலைய பாத்துக்கங்க" என்றேன். அவருக்கும் வீட்டில் அவர் சம்பளத்தை நம்பி ஆட்கள் இருந்தார்கள். போனை வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

வீட்டுக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சாக்கு. பாத்திரங்களைக் கட்டி மனைவி தயாராக வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கை வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"இன்னாய்யா ஆச்சு?"

வேலை போய்விட்டது என்றேன்.

"நீ எதுனா தப்பு பண்ணியா?"

"இல்ல."

"அப்ப ஏன்யா எங்கிட்ட இப்டி நிக்கிற?"

அப்போதுதான் கவனித்தேன். கால்கள் சேர்ந்திருந்தன. கைகள் முன்னால் கோத்திருந்தன. தலை குனிந்திருந்தது.

"இன்னா நடந்துச்சுன்னு சொல்லு. கத்து. எவன் மேலயாவது பழிய போடு. கட்ன பொண்டாட்டிகிட்ட போயி தலய குனிஞ்சுக்கினு… நான் இன்னா ஒனக்கு ஆபீசரா?"

அவள் குரல் உடைந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். பின் தேய்ந்தது, இரண்டு தரம் போய்ச் சொன்னது, எல்லாம் தொண்டைவரை வந்தது. வெளியே வந்தது "மன்னிச்சுக்கோ" என்பது மட்டும்தான். அவள் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.