பத்து நிமிடம் என்று நான் சொன்ன பொய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்தில் நடந்தது இது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மல்வேர்னில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு ஜப்பானியப் பெண்மணி தனியாக இருந்தார். என்னைப்போல ஐம்பதைத் தாண்டியவர்.

அவருடைய ஊர் கடலோரத்தில் ஒரு சின்ன நகரம். முன்னால் கடல், பின்னால் தேவதாரு மரங்கள் நிறைந்த மலை. ஊரில் பாதிப்பேர் மீன் பிடிப்பார்கள், மீதிப்பேருக்குக் காட்டில் வேலை என்பார். தாய் மர ஆலையில் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். தம்பிக்குச் சொந்தப் படகு இருந்தது. இளம் ஆட்கள் வெளியேறிவிட்டதால் தான் படித்த பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள் என்று ஒருமுறை வேலியோரம் நின்று சொன்னார்.

ஒருநாள் தாய்க்கு நோய் கடுமை என்று தம்பி அழைத்தார். இவர் மறுநாள் பின்னேர விமானத்துக்கு டிக்கெட் எடுத்தார். டாக்சி பிடிக்க இருந்தவரை நான்தான் தடுத்தேன். ஒரு மணிக்கு வந்து ஏற்றுகிறேன் என்றேன்.

அன்று காலை, அரைமணி ஓட்டத்தில் இருக்கும் விட்பியில் ஒரு புது வீடு பார்க்கக் கிளம்பினேன்.

"இண்டைக்குப் போகாதையுங்கோப்பா. அந்த மனுசிய ஏத்த வேணுமெல்லோ?" என்றாள் மனைவி.

"நேரம் கிடக்கு. டக்கெண்டு வந்திடுவன்."

திரும்பும்போது 401 நெடுஞ்சாலையில் விபத்து. கார்கள் அசையவில்லை. ஒரு மணிக்கு அவரை அழைத்து, பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்றேன். டாக்சி எடுங்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகும் இரண்டு தடவை அழைத்து அதையே சொன்னேன். ஒவ்வொரு தடவையும் "சரி, காத்திருக்கிறேன்" என்றார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். பெட்டியோடு வாசற்படியில், குளிரில் உட்கார்ந்திருந்தார். விமான நிலையத்தில் கவுண்டரை மூடிவிட்டார்கள். மறுநாள்தான் அடுத்த விமானம். நான் மன்னிப்புக் கேட்டேன். "வீதியில் விபத்து நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றார். அப்போதும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தவர், ஒரு கருவாட்டுப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். அக்காவை ஏற்றிப்போனவருக்கென்று தம்பி கொடுத்துவிட்டாராம்.

"அம்மா?" என்றேன்.

"நான் ரயிலில் இருந்தபோது போய்விட்டார். ஊருக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. விமானம் தாமதம் என்றுதான் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்."

என்னால் தாங்க முடியவில்லை. முதல் தடவை அழைத்தபோதே பத்து நிமிடத்தில் வரமுடியாது என்று எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லிவிட்டேன்.

அவர் "இதை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம்" என்றார். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்தினார்.

அடுத்த கோடையில் வீட்டை விற்றுவிட்டுத் தம்பியிடமே போய்விட்டார்.

இப்போதெல்லாம் பிந்தினால், பிந்தும் என்று உடனே சொல்லிவிடுகிறேன். அதை அன்றைக்கு ஒரு மணிக்குச் சொல்லியிருந்தால் ஒரு தாய் தன் மகளைப் பார்த்துவிட்டுக் கண்மூடியிருப்பார்.