பிரிக்காமல் வைத்த பன்னிரண்டு வரி

டயர் எரியும் வாடை மூக்கில் ஏறினால் என் இடது கை தானாக மூடிக்கொள்கிறது. இல்லாத ஓர் இரும்புச் சட்டத்தை உள்ளங்கை இறுக்கிப் பிடிக்கிறது. இன்று காலை சிராங்கூன் சாலையில், வண்டி பழுதுபார்க்கும் கடை வாசலில் யாரோ பழைய டயரைக் கொளுத்தியிருந்தார்கள். கை மூடியபடி நடுவழியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காது. ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில்தான் விளக்கு எரிந்தது, லாரி ஓடியது. அதில்தான் நாங்கள் அச்சடித்து முடித்த ஈய எழுத்துகளை மை போகக் கழுவினோம். கழுவி, வரிகளைப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் பெட்டி அறையில் போட்டால்தான் மறுநாள் செய்திக்கு எழுத்து இருக்கும். நேற்றைய பொய்யைப் பிரித்து இன்றைய பொய்யைக் கோப்போம். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நான் அச்சுக்கோப்பவன்; இடது கையில் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எழுத்தைப் பொறுக்கி அதில் அடுக்குபவன். இருபத்திரண்டு வயது. கோப்பவன் வாசிக்கக் கூடாது, வாசித்தால் வேகம் குறையும் என்பார்கள். நான் வாசித்தேன்.

அக்காள் வீட்டில்தான் இருந்தேன். அத்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சயாமில் ரயில் பாதை போட வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றிப் போனார்கள். மூன்று மாதம் மூன்று தரம் கழிந்தது. கடிதம் இல்லை, ஆள் இல்லை.

தேக்கா சந்தையைச் சுற்றியிருந்த சந்துகளிலிருந்து பெண்கள் ஒரு நாள் காலையில் கிளம்பினார்கள். ஆள் பிடித்து அனுப்பிய அலுவலகத்துக்கு எதிரே தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை. அவர்கள் செய்தது ஒன்றுதான். ஒருத்தி எழுந்து தன் புருஷன் பெயரை உரக்கச் சொல்வாள், உட்காருவாள். அடுத்தவள் எழுவாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவர்கள் அவர்கள். கடையில் கேட்டாலும் பிள்ளையை விட்டுச் சொல்ல வைப்பவர்கள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அக்காள் இடது காதில் துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிப்பாய் ஒருவன் அறைந்திருந்தான்.

"நானும் சொல்லிட்டேன்டா," என்றாள்.

"என்னத்த?"

"அவரு பேர."

வெட்கப்பட்டாள். ஒரு கன்னம் வீங்கிக் கிடந்ததால் வெட்கம் மறு கன்னத்தில்தான் தெரிந்தது.

"நாளைக்குப் பேப்பர்ல வந்துரும்ல? கோட்டு போட்டவரு ஒருத்தர் வந்து நின்னு எழுதிக்கிட்டுப் போனாரு. எல்லாப் பேரையும் எழுதினீங்களாய்யான்னு கேட்டேன். எழுதிட்டேம்மான்னாரு. ரயில்ல சயாமுக்கும் அந்தப் பேப்பர் போகுதாம். அவரு கண்ணுல பட்டா, நாம தேடுறோம்னு தெரியும்."

கோட்டு போட்டவர் எங்கள் ஆசிரியர்தான்.

மறுநாள் காலை அவர் கையெழுத்தில் பன்னிரண்டு வரி என்னிடம் வந்தது. சயாமில் சிறப்பாகப் பணியாற்றும் தங்கள் கணவன்மாரின் பெருமையை எண்ணி மகிழ்ந்த நம் பெண்மணிகள் திரளாக வந்து அதிகாரிகளுக்கு நன்றி தெரிவித்தனராம். உற்சாக மிகுதியால் ஏற்பட்ட நெரிசலில் ஒரு மாதுக்குச் சிறு காயமாம்.

தாளை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

"ஐயா, பேரெல்லாம் எழுதிக்கிட்டீங்களாமே."

"எழுதினேன். போட முடியுமா அத? நீயே சொல்லு."

"அப்ப விட்ரலாமே ஐயா. ஒண்ணுமே போடாம."

"பக்கத்துல இடம் காலியா இருக்குய்யா. போய்க் கோத்துடு."

தணிக்கைக்காரன் உண்மையை விட்டிருக்க மாட்டான். அது எனக்கும் தெரியும். வெற்றிடத்தை நான் மன்னித்திருப்பேன். ஆனால் அந்த நன்றியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்த உற்சாக மிகுதியை எந்த ஜப்பான்காரனும் அவர் காதில் ஓதவில்லை. பூ வேலை முழுக்க அவருடைய சொந்தக் கை.

கோத்தேன். வேலை போனால் மரவள்ளிக் கிழங்கும் போகும் என்று கோத்தேன். 'சிறு காயம்' என்ற சொற்களை, என் அக்காளின் காதை, எழுத்தெழுத்தாக நானே பொறுக்கி வைத்தேன்.

அச்சாகி முடிந்ததும் அந்தப் பன்னிரண்டு வரியை மட்டும் நான் பிரிக்கவில்லை. சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, துணியில் சுற்றி, சாப்பாட்டுத் தூக்கின் அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அரிசி இல்லாத அரிசிப் பானைக்குள் அது உட்கார்ந்தது. எழுத்துக் குறைவது ஆசிரியருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது.

"இந்த எழுத்தெல்லாம் எங்கய்யா போகுது?"

மிஷின் ஓட்டும் பாய்தான் பதில் சொன்னார். "எலி தின்னுருக்கும்லா ஐயா. ஊர்ல அரிசி இல்ல, அது என்னத்தத் திங்கும்?"

அக்காள் ஒரு நாள் பானையில் கைவிட்டு அதைக் கண்டுபிடித்தாள். அப்போது இடது காது முழுசாக அடைத்துப் போயிருந்தது. வலது பக்கம் போய் நின்று சொன்னேன்.

"அன்னிக்கு வந்த செய்தி. ஒரு நாள் இத மறுபடியும் போடுவேன். அவரு மானம் போற மாதிரி போடுவேன்."

"அன்னிக்கும் நீதானடா போட்ட," என்றாள்.

யுத்தம் முடியும்வரை அந்த வார்த்தையோடு குடியிருந்தேன். கிழங்கு மெல்லும்போது மென்றேன். பழி என்பது சூடு என்கிறார்கள். எனக்கு அது ஈயமாக இருந்தது. குளிர்ந்து, கனத்து, ஒரு வரி கலையாமல்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். அத்தான் வரவில்லை. அவரைப் பார்த்ததாகவும் யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் ஆசிரியர் முதல் பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினார். இருண்ட நாட்களில் நம் தாய்மார்கள் தெருவில் அமர்ந்து நியாயம் கேட்டபோது, இந்தப் பத்திரிகை ஒன்றே அவர்கள் பக்கம் நின்றது என்று.

அதையும் நானே கோத்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கோத்ததில்லை.

அக்காளிடம் பெயர்களைக் கேட்டேன். உட்கார்ந்திருந்த வரிசையிலேயே சொன்னாள். பக்கத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆசிரியர் மதியச் சாப்பாட்டுக்குப் போனதும், அவருடைய கட்டுரைக்கு அடியில் இருந்த கூந்தல் தைல விளம்பரத்தைத் தூக்கினேன். அந்த இடத்தில், சணலால் கட்டி வைத்திருந்த பன்னிரண்டு வரியை வைத்தேன். 'இதே பத்திரிகை அன்று எழுதியது' என்று மேலே ஒரு வரி. கீழே, 'அன்று அந்தப் பெண்கள் சொன்னது' என்று போட்டு, பெயர்கள்.

பாய் வந்து குனிந்து பார்த்தார். "தம்பி, கூந்தல் தைலம் எங்க?"

"தலையே போகப் போகுது பாய். தைலம் எதுக்கு?"

தலைகீழ் எழுத்தை அவர் தண்ணீர் குடிப்பது போல் படிப்பார். கடைசிப் பெயர்வரை படித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. ஐயா கேட்டா அதத்தான் சொல்லுவேன்லா," என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்டினார்.

சாயங்காலம் அக்காளின் வலது பக்கம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். பன்னிரண்டு வரிக்கு முகம் மாறவில்லை. அத்தான் பெயர் வந்ததும் தாளை என்னிடமிருந்து வாங்கி, எந்த வரி என்று கேட்டு, விரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவள் சொன்ன பெயர்.

என் வேலை போனது. ஆனால் மறுநாளிலிருந்து அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியாக அச்சகத்துக்குப் போனார்களாம். ஆசிரியர் மேசைக்கு முன்னால் நின்று புருஷன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார்களாம். பாய்தான் வந்து சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு வயிறு நிறைந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அது செரிக்கவில்லை, செரிக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவரே வீட்டுக்கு வந்தார். கோட்டு இல்லை. அக்காள் முதுகைக் காட்டிக்கொண்டு அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். அவர் போய் அவளுடைய இடது பக்கம் நின்றார்.

"அம்மா, தப்புத்தான். பேரெல்லாம் எழுதிக்கிட்டுத்தான் போனேன். போட்டிருந்தா பேப்பரைப் பூட்டியிருப்பான். என் பிள்ளைங்களுக்காக எழுதினேன். மன்னிச்சிருங்கம்மா."

அம்மிக் குழவி போய்ப் போய் வந்தது. அவள் திரும்பவில்லை. வலது பக்கம் வந்து சொல்லுங்கள் ஐயா என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு தரம் சொன்னார். குரல் உடைந்தது. அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஒரு வார்த்தைகூடச் சொல்லலையேப்பா அவங்க."

"சொல்ல வேண்டியத அன்னிக்கே தெருவுல சொல்லிட்டாங்க ஐயா. நீங்கதான் போடல."