அம்மா கதவைத் திறக்காத வாரம்

எண்பதுகளின் நடுவில் நான் ஷார்ஜாவில் ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். சொந்த ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரை. மூன்றாம் மாடியில் ஒரு பிளாட்டில் என்னோடு தங்கியிருந்தவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். துபாயில், தேராப் பகுதியில் ஒரு கப்பல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். என்னைவிட ஏழு வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். எங்களைச் சேர்த்து உட்கார வைத்தது வியாழக்கிழமை சாயங்காலம் ஆங்கிலச் சேனலில் வந்துகொண்டிருந்த ஒரு பேய்த் தொடர்தான்.

கடலோரத்தில் பழைய வீடு. அதில் தனியாக ஒரு தாய். வாரத்துக்கு ஒரு செத்தவர் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார். அவள் திறந்து, உட்காரவைத்து, அவர்கள் குறையைக் கேட்டு அனுப்பிவைப்பாள். நாங்கள் காலைத் தரையில் வைக்காமல் சோபாவில் மடக்கிக்கொண்டு பார்ப்போம். எதிர் பிளாட்டு மலையாளி நர்ஸுகள் மூன்று பேரும் வந்துவிடுவார்கள். பயமாக இருக்கும், ஆனாலும் அடுத்த வியாழன் எப்போது வரும் என்றும் இருக்கும்.

ஒன்பதாவது வாரம் அவளுடைய சொந்த மகள் வந்தாள். கடலில் மூழ்கிச் செத்த மகள். வெளியே நின்று அம்மா, அம்மா என்று தட்டினாள். ஊரார் பேய்களுக்கெல்லாம் திறந்துவிட்ட தாய் அன்று மட்டும் திறக்கவில்லை. விடிந்த பிறகு வாசல்படி நனைந்திருந்தது. அத்தோடு அந்த வாரம் முடிந்தது.

எங்கள் அறையே இரண்டாகப் பிரிந்துபோனது. மலையாளிகளில் இரண்டு பேர் தாயின் பக்கம், ஒருத்தி மகளின் பக்கம். நான் தாயின் பக்கம்.

"செத்தவ வந்து தட்டினா நீங்க தொறப்பியளா அக்கா?" என்று கேட்டேன்.

"அது அவவின்ரை பிள்ளை. பிள்ளை எண்டு தெரிஞ்ச பிறகும் திறக்கேல்லை" என்றார். குரல் உயரவில்லை. ஆனால் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு டிவி தொடருக்காகவா இவ்வளவு கோபம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அக்கா ஒரு வீடியோ கேசட்டோடு வந்தார். கீழே இருந்த வீடியோ கடைக்காரர் அந்தத் தொடரைப் பதிவுசெய்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மகள் வந்த கிழமைதான். நீர் ஒருக்கா என்னோடை இருந்து பாரும்" என்றார்.

வெளியே ஜும்மா தொழுகை முடிந்து தெருவே காலியாகிவிட்டிருந்தது. வெயிலுக்காக ஜன்னல் கண்ணாடியில் அலுமினியத் தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே பகலிலும் இருட்டு. ஏசி இரைந்துகொண்டிருந்தது. மலையாளிகள் டியூட்டிக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

தெரிந்த கதைதானே, இந்த முறை பயம் இருக்காது என்று நினைத்தேன். இருந்தது. முதல் தடவை கவனிக்காத ஒன்றை அப்போதுதான் கவனித்தேன். அந்தத் தாய் கதவுக்கு உள்ளே நின்று மகளிடம் மூன்று கேள்விகள் கேட்கிறாள். வீட்டு நாயின் பெயர், படுக்கும்போது பாடிய பாட்டு, முழங்காலில் தழும்பு எப்படி வந்தது. மூன்றுக்கும் மகள் சரியாகப் பதில் சொல்கிறாள். அப்படியானால் தாய்க்குத் தெரியும். தெரிந்தும் அவள் கை தாழ்ப்பாளுக்குப் போகவில்லை.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"தம்பியிட்டை இருந்து நாலு மாசமாக் கடிதம் இல்லை. அவன் வந்து தட்டினா நான் என்னத்தைக் கேப்பன் எண்டு யோசிக்கிறன்."

அவருக்கு ஒரு தம்பி இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். அங்கே யாழ்ப்பாணத்தில் நடந்துகொண்டிருந்த சண்டையைப் பற்றிப் பேப்பரில் படித்திருந்தேன். ஒரே அறையில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை.

டிவியில் மகள் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்குமேல் முடியவில்லை. எழுந்து போய் வீடியோவை நிறுத்தினேன். படம் நின்றது. தட்டல் நிற்கவில்லை.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் வாசல் கதவு. கையால் தட்டுவதுபோல் இல்லை, ஏதோ உரசுவதுபோல இருந்தது. விட்டுவிட்டுக் கேட்டது. கதவில் வெளியே பார்க்கிற துளையில் முன்பு இருந்தவர்கள் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். பட்டப்பகல் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. மாதாவே என்று வாய் முணுமுணுத்தது.

அப்போது வெளியே இருந்து, வறண்ட தொண்டையில், ஆணா பெண்ணா என்றே தெரியாத ஒரு குரல்: "அக்கா..."

பேய் இல்லை என்று எனக்கு அந்தக் கணமே தெளிந்தது. ஆனால் பயம் போகவில்லை, வேறு பயம் வந்தது. போன வாரம்தான் கட்டிடத்தின் நாத்தூர், எங்கள் காவல்காரர், எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பக்கத்துக் கட்டிடத்தில் வீட்டு வேலைக்காரி ஒருத்தி ஓடிப்போய்விட்டாள், போலீஸ் வந்தது, அப்படி யாரையாவது உள்ளே வைத்திருந்தால் விசா கேன்சல், ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று. இது அவள்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

அக்கா எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"தொறக்காதீங்க அக்கா. நாம மாட்டிக்கிடுவோம். கொஞ்ச நேரத்துல போயிருவா."

"கையை விடும்" என்றார். விடுவித்துக்கொண்டு போய்த் திறந்தார்.

கதவில் சாய்ந்து நின்ற ஒரு பெண் அப்படியே உள்ளே சரிந்து விழுந்தாள். நாலாம் மாடி வீட்டில் வேலை பார்க்கிற, இலங்கை மலையகத்துத் தமிழ்ப் பெண். படியில் எப்போதாவது எதிரில் வருவாள், சிரிப்பாள். முகம் செக்கச்சிவந்து, உதடு வெடித்திருந்தது. தொட்டேன். உடம்பு அனலாகக் கொதித்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. செருப்பில்லாத உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

பிறகு என் கை தானாக வேலை செய்தது. ஆகஸ்டில் குழாய்த் தண்ணீர் சுடும், அது உதவாது. பிரிட்ஜில் இருந்த பாட்டில்களை எல்லாம் எடுத்துப் போர்வையை நனைத்து அவள்மேல் போட்டோம். கக்கத்தில் ஐஸ் வைத்தேன். நினைவு நன்றாகத் திரும்பிய பிறகு உப்பும் சர்க்கரையும் கலந்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். அவள் கண் மேலே செருகிய இரண்டு முறையும் நான் கன்னத்தில் தட்டிக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அரை மணி கழித்து அவள் பேசினாள்.

"துணி காயப்போட மேல போனேங்க. காத்துல மாடிக் கதவு அடைச்சுக்கிச்சு. தட்டித் தட்டிப் பாத்தேன், யாருக்கும் கேக்கல. அப்புறம் தோளால இடிச்சு இடிச்சு எப்படியோ தெறந்துச்சு. வீட்டுக்கு வந்தா அவுங்க இல்ல, பூட்டியிருக்கு. ஒங்க வீட்டுலதான் தமிழ் பேசுற சத்தம் கேக்கும்."

இரண்டரை மணி நேரம் மொட்டை மாடியில் நின்றிருக்கிறாள். அவள் ஓடிவந்தவள் அல்ல.

சாயங்காலம் மீண்டும் கதவு தட்டப்பட்டபோது போலீஸ்தான் என்று நினைத்தேன். அவள் வேலை பார்க்கும் நாலாம் மாடி வீட்டு அம்மா நின்றிருந்தார், பின்னால் நாத்தூர். அவள் உள்ளே தூங்குகிறாள் என்று நினைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். அந்தப் பெண்ணின் காலைப் பார்த்ததும் அவர் தரையில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் எங்கள் கிளினிக்குக்கே கூட்டி வந்து டாக்டரிடம் காட்டினார். கால் ஆற மூன்று வாரம் ஆனது. அந்த வீட்டின் இன்னொரு சாவி அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

அவளை அழைத்துக்கொண்டு அவர்கள் போன பிறகு, அக்கா ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான்தான் நர்ஸ்.

"நான் தனியா இருந்தா தொறந்திருக்க மாட்டேன் அக்கா" என்றேன்.

"தெரியும்" என்றார். போர்வையை உதறிக் கதவின்மேல் விரித்துப் போட்டார். "எனக்கும் பயம்தான். அந்தப் பிள்ளை எண்டு நான் நினைக்கேல்லை. தம்பி எண்டுதான் நினைச்சன். செத்துத்தான் வந்து நிக்கிறான் எண்டு நினைச்சன்."

"அப்படி நினைச்சுமா தொறந்திய?"

"ஓம்."

அடுத்த வருடம் அவர் கனடாவுக்குப் போனார். போகும்வரை தம்பியிடமிருந்து கடிதம் வரவில்லை. அந்த ஒரு வருடமும் எங்கள் வாசலில் யார் தட்டினாலும், பால்காரனோ நாத்தூரோ, என்னை முந்திக்கொண்டு அவர்தான் எழுந்து போவார். ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.