முனீஸ்வரிக்கும் ஒரு சீட்டு

ஜெயக்கொடிக்கு எண்ணத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அலங்காநல்லூர்ப் பக்கம் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நாற்று முடி, பால் செம்பு, கரும்புக் கட்டு என்று எண்ணியே காலம் தள்ளியவள். ஆனால் வீட்டு ஆட்களை எண்ணச் சொன்னால் மட்டும் ஒரு ஆள் கூடிவிடும். அந்த ஒரு ஆளால்தான் போன மே மாதம் நடந்ததெல்லாம் நடந்தது.

வீட்டில் இருப்பது ஐந்து பேர். ஜெயக்கொடி, அவள் புருஷன் சின்னச்சாமி, மகன் அழகுபாண்டி, மருமகள் தாமரைச்செல்வி, நாலு வயசுப் பேரன் கண்ணுச்சாமி. ஆறாவது ஆள் மகள் முனீஸ்வரி. பதினேழு வயசில் காய்ச்சலில் செத்துப்போனவள். அது நடந்து பத்து வருஷமாகிறது.

கல்யாணமாகாமல் செத்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வமாகிவிடுவாள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அவளுக்கென்று ஒரு ஓலைப் பெட்டி உண்டு. ஆடி மாதம் அதில் புதுப் பாவாடை தாவணி வைத்துவிட்டு, பழையதை எடுத்து அதே வயசுள்ள ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும். பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் அவளுக்கு ஒரு இலை போட வேண்டும். ஜெயக்கொடி வீட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வெளியூர்க் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போனால், திரும்பி வரும்போது வண்டி ஏறுவதற்கு முன்னால் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "முனீஸ்வரி, வா, வீட்டுக்குப் போவோம்." கூப்பிடாமல் வந்தால் போன இடத்திலேயே நின்றுவிடுவாள் என்று சொல்வார்கள். ஜெயக்கொடி ஒரு தடவைகூட மறந்ததில்லை.

அழகுபாண்டி மண் அள்ளும் ஜேசிபி வாங்கி ஓட்டி, ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெரிய ஆளாகிவிட்டான். புது மாடி வீடு கட்டியபோது பெட்டிக்கென்று மேற்கே ஒரு சின்ன அறை ஒதுக்கினான். ஒதுக்கியதோடு சரி, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். தங்கச்சியின் பேரை அவன் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

ஜெயக்கொடிக்கு அந்த அறைதான் உலகம். தினமும் பொழுது சாயும் நேரம் விளக்குப் போடப் போவாள். கதவைத் திறந்ததும் மரிக்கொழுந்து வாசம் அடிக்கும். யாரும் அங்கே மரிக்கொழுந்து வாங்கி வைத்ததில்லை. ஜெயக்கொடி அதை ஒரு அதிசயமாக நினைத்ததும் இல்லை. மகள் இருக்கிற அறையில் மகள் வாசம் அடிக்காமல் வேறென்ன அடிக்கும்? தரையில் உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லுவாள். மருமகள் குழம்புக்குப் புளி கூடப் போட்டுவிட்டதையும் விடமாட்டாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் யாரோ தள்ளி உட்கார்ந்து இடம் விடுவதுபோல இருக்கும். இவளும் சற்று நகர்ந்துகொள்வாள்.

அம்மாவை அந்த அறையிலிருந்து பத்து நாளாவது வெளியே இழுத்துவிட வேண்டும் என்பதுதான் அழகுபாண்டியின் திட்டம். கோடை லீவுக்குக் குடும்பத்தோடு சுற்றுலா என்று அறிவித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒத்தக்கடையில் புதிதாக டிராவல்ஸ் திறந்திருந்த அவன் சிநேகிதன் உக்கிரபாண்டி வந்து, டிவியில் ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டினான்.

"பணத்தப் பத்தி யாரும் வாயத் தொறக்கப்படாது. ஊர மட்டும் சொல்லுங்க" என்றான் அழகுபாண்டி.

பணத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்றதும் எல்லோருக்கும் வாய் நீண்டுவிட்டது. தாமரைச்செல்வி சிங்கப்பூர் என்றாள். சின்னச்சாமிக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. அவர் தன் பங்குக்குக் காசி என்றார்.

"டூர் போவோம்னா கருமாதிக்குக் கெளம்புறாரு உங்கப்பா" என்று தாமரைச்செல்வி புருஷன் காதில் முணுமுணுத்தாள். அது கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அந்தமான் வந்தது. சுற்றிலும் தண்ணீர் என்று சின்னச்சாமி தலையை ஆட்டிவிட்டார். கொடைக்கானல் வந்தபோது அழகுபாண்டிக்கே கோபம் வந்துவிட்டது. "பஸ் ஏறுனா மத்தியானச் சோத்துக்குப் போயிரலாம். அதுக்கா இம்புட்டு ஏற்பாடு?"

"ஊரு அப்புறம் முடிவு பண்ணுவோம் மாப்ள. ஆளு எத்தனைன்னு சொல்லுங்க, நான் குறிச்சுக்கிறேன்" என்று உக்கிரபாண்டி போனைக் கையில் எடுத்தான்.

"ஆறு" என்றாள் ஜெயக்கொடி.

பேர் பேராக அவளே சொன்னாள். கடைசியாக, "முனீஸ்வரி, வயசு பதினேழு." அவன் ஊருக்குப் புதுசு, விவரம் தெரியாது. அவன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டான். தாமரைச்செல்வி கையிலிருந்த டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள்.

"அஞ்சு பேருதான் மாப்ள. அத அழிச்சிரு" என்று சொல்லிவிட்டு அழகுபாண்டி எழுந்து வெளியே போனான். அப்போதே அழித்துவிட்டதாகத்தான் உக்கிரபாண்டி பிற்பாடு சத்தியம் செய்தான்.

இரண்டு நாள் கழித்து ஜெயக்கொடியின் போனுக்கு அவன் கூப்பிட்டான்.

"அத்தை, பாப்பா கேட்டுச்சுல்ல, விசாரிச்சுட்டேன். மே மாசம் மணாலியில பனி கிடக்குமாம். மலை மேல போனா கையிலயே அள்ளலாம்னு சொல்லிருங்க."

"எந்தப் பாப்பா?"

"உங்க நம்பர்லருந்துதானே அத்தை பேசுச்சு? நேத்து மத்தியானம். 'அண்ணே, எந்த ஊருக்குப் போனா பனியத் தொட்டுப் பாக்கலாம்'னு கேட்டுச்சு. பதினேழு வயசுன்னு சொன்னீகளே, அதுதானே?"

முந்தின நாள் மத்தியானம் அவள் போன் அவளிடம் இல்லை. வீடு முழுக்கத் தேடிவிட்டு, சாயங்காலம் விளக்குப் போடப் போனபோது பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்ததை எடுத்து வந்திருந்தாள். தான்தான் அங்கே வைத்து மறந்திருப்போம் என்று நினைத்தாள்.

முனீஸ்வரிக்குப் பனி என்றால் பைத்தியம். பழைய வீட்டு ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கரண்டியால் சுரண்டிக் கன்னத்தில் தேய்த்துக்கொள்வாள். ஜெயக்கொடி திட்டித் தீர்ப்பாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் காய்ச்சல் அனலாகக் கொதித்தபோதும் அவள் கேட்டது அதுதான். "கொஞ்சம் ஐஸ் குடும்மா." சளி கட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, சூடாகக் கஞ்சி வாங்கி வரக் கீழே போனாள் ஜெயக்கொடி. தூக்குவாளியோடு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. மகள் தனியாகப் போனாள் என்கிற அந்த ஒன்றைத்தான் அவளால் பத்து வருஷமாக விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, "மணாலிக்குப் போங்கப்பா" என்றாள். அம்மா வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டாள் என்று அழகுபாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. உடனே உக்கிரபாண்டிக்குப் போன் போட்டு, இருப்பதிலேயே நல்ல ஓட்டலாகப் பார்க்கச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை விளக்குப் போடப் போனபோது ஜெயக்கொடி பெட்டியைத் தொட்டாள். கை சுருக்கென்றது. வெளியே சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாத வெயில். மின்விசிறிக் காற்றே அனலாக அடித்தது. பெட்டிக்குள்ளிருந்த பாவாடை மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுபோலச் சில்லிட்டிருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியும் குளிர்ந்தது.

அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள், விளக்கில்லாத அறையில் தனியாகக் கிடக்க வேண்டும் என்று பிள்ளை கலங்குகிறாள், அதைத்தான் இப்படிக் காட்டுகிறாள் என்று நினைத்தாள். கூடக் கூட்டிப் போகலாம்தான். ஆனால் அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்குப் போய்வருகிற மாதிரியா? அத்தனை தூரத்தில், பாஷை தெரியாத மலையில், கூப்பிட்டது காதில் விழாமல் நின்றுவிட்டால்? "நான் எங்கயும் போகல ஆத்தா. ஒன்னத் தனியா விட்டுட்டுப் போவேனா?" என்று பாவாடையைத் தடவிக்கொண்டே சொன்னாள். இரண்டாவது தடவையும் அந்தத் தப்பைச் செய்ய அவள் தயாராக இல்லை.

முழங்கால் வலி என்று மகனிடம் பொய் சொன்னாள். அவன் கெஞ்சினான், கோபித்தான், டாக்டரைக் கூட்டி வருவேன் என்றான். அவள் அசையவில்லை. கடைசியில் அவளே உக்கிரபாண்டிக்குப் போன் செய்து தன் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னாள்.

புறப்படுகிற அன்று காலை எல்லோரும் காரில் ஏறினார்கள். சின்னச்சாமி குல்லாவெல்லாம் போட்டு வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். "அப்பத்தா, டாட்டா" என்று கண்ணுச்சாமி கையை ஆட்டினான். கார் கொஞ்ச தூரம் போய் நின்றது. பின்கதவு சரியாகச் சாத்தவில்லை என்று டிரைவர் இறங்கி வந்து, ஒரு தடவை திறந்து மறுபடி சாத்தினான். பிறகு அவனியாபுரம் விமான நிலையத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு ஜெயக்கொடி அறைக் கதவைத் திறந்தாள். சுண்ணாம்பு வாசமும் எண்ணெய்ச் சிக்கும்தான் அடித்தன. விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவர்கள் போனதைச் சொன்னாள், குல்லாவைச் சொன்னாள். பக்கத்தில் யாரும் நகரவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். வெயில் காலத்து ஓலை எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கோபமாக இருப்பாள் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். மறுநாளும் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாள் கதவைத் திறந்து வாசலிலேயே நின்று பார்த்தாள். அது வெறும் அறையாக இருந்தது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் அழகுபாண்டி கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அம்மா, மலை மேல இருக்கோம். பனியெல்லாம் பாத்தாச்சு. இப்ப எறங்கப் போறோம்."

"நல்லா இருக்கீகளா? ஏன் குரலு கம்முது?"

"ஒண்ணுமில்ல." காற்றுச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினான். "மதுரையில ஏறையில உக்கிரபாண்டி அஞ்சு பேருக்குப் போர்டிங் பாஸ் அனுப்பியிருந்தாம்மா. நாங்க நாலு பேருதானே. ஒன்னோடத எடுத்திட்டான், நான் அழிக்கச் சொன்ன பேர எடுக்கல. வழிநெடுக எம் பக்கத்துச் சீட்டு காலியாவே வந்துச்சு. யாருமே வந்து ஒக்காரல."

ஜெயக்கொடி விரல் விட்டு எண்ணினாள். ஆறில் ஒன்று போனால் ஐந்து. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"இங்க பனிக்குப் போறதுக்கு வாடகைக்குக் கோட்டும் பூட்ஸும் குடுக்குறாங்க. அதுலயும் கடைக்காரன் அஞ்சு சோடி எண்ணி வச்சிட்டான். ஒரு சோடிய காருலயே போட்டுட்டுப் போனோம், பூட்டியிருந்த காரு. இப்பத் திருப்பிக் குடுக்கயில பாத்தா, அஞ்சு சோடியிலயும் பனி ஒட்டியிருக்கும்மா."

ஜெயக்கொடிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவாடை குளிர்ந்தது கலக்கத்தில் இல்லை, ஆசையில். பிள்ளை ஐஸ் கேட்டாள், இவள் மறுபடியும் கஞ்சி வாங்கப் போய்விட்டாள்.

"அழகு, நான் சொல்றதக் கேளு. கார்ல ஏறாத. பனி இருக்க எடத்துக்குத் திரும்பிப் போயி அவளக் கூப்புடு. பேரச் சொல்லிக் கூப்புடு. கூப்புடாம வந்தா அங்கயே நின்னுருவாய்யா."

"அம்மா..."

"ஒங்கப்பனுக்கு அதெல்லாம் வராது. நீதாய்யா கூப்புடணும்."

போன் அணையவில்லை. பனியில் கால் புதைந்து புதைந்து நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவன் அந்தப் பேரைச் சொன்னான். முதலில் மெல்ல. அப்புறம் தொண்டை கிழிய. "முனீஸ்வரி, வா, வீட்டுக்குப் போவோம்." காற்று மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. நடக்கும் சத்தம் திரும்பி வந்தது.

"கூப்பிட்டேம்மா."

"வந்துட்டாளா?"

அவன் அழுதுகொண்டிருந்தான். "'நீ போண்ணே. நான் இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டு வாரேன்'னு சொல்றாம்மா."

அவர்கள் திரும்பி வந்தார்கள். வாசலில் ஜெயக்கொடி ஆரத்தித் தட்டோடு நின்று எண்ணினாள். நாலு பேர் உள்ளே போனபிறகும் கொஞ்ச நேரம் கதவைச் சாத்தாமல் நின்றாள். அறையில் இன்றுவரை மரிக்கொழுந்து வாசம் திரும்பவில்லை. ஆடிக்குப் புதுப் பாவாடையோடு கம்பளிச் சட்டை ஒன்றும் வாங்கிப் பெட்டியில் வைத்தாள். கடைக்காரன் ஆடி மாசத்தில் மதுரையில் கம்பளியா என்று ஒரு மாதிரிப் பார்த்தான். விளக்கை மட்டும் ஒருநாளும் விடவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்?

இந்த வருஷமும் கோடை வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை உக்கிரபாண்டி வந்தான். சின்னச்சாமிக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டதால் டிவியில் சிங்கப்பூரைப் போட்டான். யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஜெயக்கொடியைப் பார்த்தார்கள்.

"மணாலிக்கே போடுப்பா" என்றாள்.

உக்கிரபாண்டி போனைக் கையில் எடுத்தான். "எத்தன பேரு அத்தை?"

"போறப்ப அஞ்சு. வாரப்ப ஆறு."

அவன் விரல் போன் மேலேயே நின்றது. ஆறாவது பேரைக் கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. அழகுபாண்டிதான் குனிந்த தலை நிமிராமல் சொன்னான்.

"முனீஸ்வரி. வயசு பதினேழு."