ரசத்தில் ஏறாத காகிதம்

முட்டாள்தனத்துக்குப் பட்டம் தருவார்கள் என்றால், திருத்தணியில் என் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க இடம் மிஞ்சாது.

உப்பை அளக்கும் மலிவான காகிதப் பட்டைகளுக்கு அளவுக்கோடு போடுவது என் வேலை. நனைத்தால், உப்புக்குத் தக்க உயரத்துக்குக் காகிதம் வெளுக்கும். தூய நீரில் உப்பைக் கரைத்துத்தான் கோடு போட்டிருந்தேன்.

பாவாவுக்கு, அதாவது அக்கா கணவருக்கு, சிறுநீரகம் பழுது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சப்பென்ற சோற்றை அவர் வெறித்துப் பார்ப்பதைப் பொறுக்காமல், அக்கா வைத்த ரசத்தில் ஒரு பட்டையைத் தோய்த்தேன். டாக்டர் சொன்ன அளவில் பாதிக்குக்கூட வெளுப்பு ஏறவில்லை.

“உப்பு ரொம்பக் கம்மி பாவா. இன்னும் போட்டுக்கலாம்.”

“ஆங், படிச்சவன் சொல்றான், போடு!” என்று அக்காவிடம் தட்டை நீட்டினார்.

சில நாள் ருசித்துச் சாப்பிட்டார். பிறகு கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் படுத்தார்.

தாளித்த எண்ணெயும் புளிச்சக்கையும் காகிதத்தை அடைத்துக்கொண்டது இந்த மேதைக்கு அப்புறம்தான் உறைத்தது. உப்பில்லாத ரசம் வைத்து, அதில் உப்பை அளந்து கரைத்து, புதுக் கோடுகள் போட்டேன். பட்டைகளோடு அவர் கட்டிலருகே போய் நின்றேன்.

“இந்த தபா ரசத்துலயே கோடு போட்டுகினு வந்துருக்கேன் பாவா. சரியா காட்டும்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

“உப்பே வாணாம், போ.”