ஒன்றாம் எண் கூண்டு

துறைமுகத்துக் கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ் ஒன்றில் முப்பது வருடம் பில் பார்த்தவள் நான். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், பெங்களூரில் மகன் வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியின் பங்குகளை வாங்கினேன். லாபத்துக்காக என்று சொன்னால் பொய். வீட்டுக்காரர் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடம் பேசுவான். காலையில் செல்போனில் அந்தப் பங்கின் விலை அசைந்தால், பிள்ளை ஆபீஸ் போய்விட்டான் என்று ஓர் ஆறுதல். பைத்தியக்காரத்தனம்தான், தெரியும்.

ஒருநாள், காலாண்டுக் கணக்கு வருமுன்னே கம்பெனி ஓர் அறிவிப்பு விட்டது: வருமானம் எதிர்பார்த்ததைவிடக் குறையும், பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வேலையைத் தள்ளிப்போட்டிருக்கிறார். விலை சரிந்தது. எனக்குப் பதற்றமே இல்லை. துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றினால் இந்த ஊரில் யார் குடையைத் தேடுகிறார்கள்? எங்கோ தூரத்தில் காற்று சுழல்கிறது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் பங்கு வாங்கிவிட்டு மகனை அழைத்தேன்.

“ஏல, ஒங்க கம்பெனியில ஒண்ணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாவளாமே?”

“ஆமாம்மா,” என்று சிரித்தான். “நீ ஒண்ணும் பயப்படாத.”

அடுத்த மாதத்திலிருந்து தினமும் பகல் பதினொரு மணிக்கு அவனே போன் செய்தான். என்ன குழம்பு, சாளை மீன் கிடைத்ததா என்று அரை மணி நேரம் பேசுவான். ஐயோ, எனக்குத் தலைகால் புரியவில்லை! வேலை நேரத்தில் இவனுக்கு ஏது இவ்வளவு நேரம் என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து விலை திடீரென்று ஏறியது. செலவு குறைந்து லாபம் கூடியதாம். எப்படி என்று தேடப்போய்த்தான் அந்தப் பழைய அறிவிப்பை முழுதாகப் படித்தேன். கடைசி வரியில் இருந்தது: செலவைக் குறைக்க ஆட்கள் எண்ணிக்கை சீரமைக்கப்படும். வேலைக் காலம் முழுக்கப் பொடி எழுத்தை விடாமல் படித்த புத்திசாலி, அதை விட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்குப் போன் வந்தது.

“வேல போயி எத்தன நாளாச்சுல?” என்றேன்.

“மூணு மாசம் ஆச்சும்மா.”

“எங்கிட்ட ஏம்ல சொல்லல?”

“போன எடுத்ததும் நீ அவ்ளோ சந்தோசமா பேசுன. கெடுக்க மனசு வரல.”

பங்குகளை அன்றே விற்றுப் பணத்தை அவனுக்கு அனுப்பினேன். இப்போது அவனுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. பதினொரு மணிக்குப் போன் அடிப்பதில்லை. நல்லதுதான் என்று தினமும் அந்நேரம் போனைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.